மூணு நிமிஷ அமைதியும் என் பிரம்பு நாற்காலியும்

"இந்த வீட்டுல ஒரு மனுஷன் மூணு நிமிஷம் நிம்மதியா இருக்க முடியுதா? உன் குக்கர் இப்பதான் விசில் அடிக்கணுமா?"

என் கணவர் சவுரிமுத்து சொன்னது இது. நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குக்கரில் வெந்ததைச் சாப்பிட்ட வாயால்தான் சொன்னார்.

விஷயம் இதுதான். போனஸ் வந்த கையோடு மனுஷன் ஹோம் தியேட்டர் வாங்கி வந்துவிட்டார். அம்மிக்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, பெயர் ரிசீவர். அதற்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஸ்பீக்கர். கூடவே சப்-ஊஃபர் என்று ஒரு குண்டுப் பிள்ளை. எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு. ஷோகேஸில் இருந்த வேளாங்கண்ணி மாதாவே ஓரத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுத்தது நான்.

ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னல் காற்றும் வந்து சேரும் இடத்தில், என் பிரம்பு நாற்காலி கிடக்கும். மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதில் சாய்ந்தால்தான் எனக்கு உயிரே திரும்பும். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதன் கீழே கறுப்பு டேப்பால் தரையில் ஒரு சிலுவை ஒட்டிவிட்டு, மேலே அவர் உட்கார்ந்துகொண்டார்.

"ராணி, இனிமே நீ வாசப்பக்கம் ஸ்டூல்ல உக்காரு. இது ஸ்வீட் ஸ்பாட். அஞ்சு ஸ்பீக்கர் சத்தமும் சரியா வந்து சேர்ற இடம்."

"சுகர் மாத்திரை போடுறவருக்கு எதுக்குங்க ஸ்வீட் ஸ்பாட்?"

"மாதாவே நகர்ந்துட்டாங்க. உனக்கு நகர வலிக்குதா?"

வலிக்காமல் என்ன?

பெட்டியோடு குட்டி இட்லி அளவில் ஒரு மைக் வந்திருந்தது, நீள வயரோடு. அதை உட்காரும் இடத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினால், ஒவ்வொரு ஸ்பீக்கராகக் 'கொர்ர்' என்று கத்தும். கேட்டுக் கேட்டு, எது எவ்வளவு தூரம், எதை எவ்வளவு கூட்டணும் என்று பெட்டியே முடிவு செய்துகொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று நிமிஷம் அக்கம்பக்கத்தில் சத்தமே கூடாது.

அஸ்தினாபுரத்தில்! முதல் தடவை மீனம்பாக்கத்தில் இறங்கப் போன ஏரோப்ளேன் கெடுத்தது. இரண்டாவது தடவை கோலமாவு வண்டி. மூன்றாவதுதான் என் குக்கர். ஏரோப்ளேனைத் திட்ட முடியாது. வண்டிக்காரர் திருப்பித் திட்டுவார். மிச்சம் நான்தானே?

நாலாவது தடவைக்கு அவரே பக்கத்து வீட்டுக்குப் போய் மெஹர் பானுவிடம் மனு கொடுத்தார்.

"நாலு மணிக்கு மூணு நிமிஷம் மட்டும் மிக்ஸி போடாதீங்கம்மா."

"ஏன் சார், யாராவது தவறிட்டாங்களா? மௌன அஞ்சலியா?"

இத்தனைக்கும் அந்த மெஷினோடு வந்த புத்தகத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீதான் கான்வென்ட்டு. படிச்சுச் சொல்லு" என்று என் மடியில் போட்டுவிட்டார். படித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வரியைத் தவிர. மைக் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் பெட்டி சத்தத்தைச் சரிசெய்யும். அதற்கு நாற்காலியும் தெரியாது, சவுரிமுத்துவும் தெரியாது.

நாலு மணி. பட்டனை அமுக்கிவிட்டு, வண்டி எதுவும் வராமல் மறிக்க அவர் வாசல் கேட்டுக்கு ஓடினார். நான் மைக்கைத் தூக்கினேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சாப்பாடு நீட்டும் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக வயரை விட்டு, மைக்கை உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் கால் படாத ஒரே இடம் அந்தச் சமையலறைதான். எதிர் ஜன்னலில் பானு கண்ணை விரித்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

ஐந்து கொர்ர். ஒரு டொம். டிவியில் 'ஓகே' என்று வந்தது. மைக் பழையபடி நாற்காலிக்குப் போயிற்று.

அன்று சாயந்திரம் படம் போட்டார்.

"என்ன ராணி, குரலெல்லாம் ஒரு பக்கமா ஓடுது?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் ஸ்டூல்ல இருக்கேன்."

கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு நாள் ஹாலை அளந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டு அவர் கூப்பிட்டது, அந்த இரைச்சலில் என் காதில் விழவில்லை. தானே எழுந்து சமையலறைக்குப் போனார். சொம்பும் கையுமாக அப்படியே நின்றார்.

"ராணி! இங்க வா! அஞ்சும் இங்கதான் சேருது!"

அதற்கப்புறம் ஸ்டூலை எடுத்துக்கொண்டு சமையலறையிலேயே குடியேறிவிட்டார். ஜன்னல் வழியாக டிவி நன்றாகவே தெரிந்தது. நான் சும்மா விடுவேனா? மடியில் பூண்டைக் கொட்டினேன். துப்பாக்கிச் சண்டை முடிவதற்குள் கால் கிலோ உரித்தார். கிளைமாக்ஸில் முருங்கைக்கீரை ஆய்ந்தார். நான் ஃபேனுக்குக் கீழே, என் நாற்காலியில், கால் நீட்டித் தூங்கினேன்.

"அக்கா, அந்த மைக்கை ஒரு நாள் இரவல் குடுங்க" என்றாள் பானு. "எங்க வீட்டுக்காரரையும் அடுப்பாண்ட உக்கார வெக்கணும்."

ஒரே வாரம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். ஹாலில் ஃபேன் சுற்றுகிறது. கீழே வெறும் டேப் சிலுவை. நாற்காலியைக் காணோம்!

சமையலறைக்கு ஓடினேன். ஸ்டூலில் அவருடைய ஆபீஸ் சிநேகிதர் சுவிசேஷமுத்து. பக்கத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் பிரம்பு நாற்காலியில் என் வீட்டுக்காரர்.

"என்னங்க இது அநியாயம்?"

"ஸ்டூல்ல முதுகு வலிக்குது ராணி. அதோட, நாற்காலி ஸ்வீட் ஸ்பாட்லதானே இருக்கணும்? புக்கைப் படிச்சு நீயே சொன்னியே."

சொன்னேன்தான். மைக் கதையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் நாற்காலி போச்சு. திரும்ப மைக் வைத்து அளக்கலாம் என்றால், மூன்று நிமிஷ அமைதிக்கு இந்த இரண்டு பேரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"சிஸ்டர், கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன், மறைக்குது" என்றார் சுவிசேஷமுத்து.

என் சமையலறையில், கையில் ஒரு கிலோ கறியோடு, நான் மறைக்கிறேனாம்!

ஹாலுக்கு வந்து அந்தச் சிலுவை மேல் நின்றேன். நல்ல காற்று. உள்ளே ஏதோ ஒரு கார் ஐந்து ஸ்பீக்கரிலும் வெடித்துச் சிதறியது. இரண்டு பேரும் கைதட்டினார்கள். சாப்பாடு நீட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஏங்க, அந்த நாற்காலியை மட்டுமாவது இந்தப் பக்கம் தள்ளுங்களேன்!"