கஞ்சி மேஜரின் நாலாவது புள்ளி

முப்பதுகளில் பினாங்கு வாலண்டியர் படையை நிமிர்ந்து நிற்க வைத்தது ராஜ விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது முழுக்க முழுக்கக் கஞ்சி. ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் துணி வெளுத்த ஒரு மனிதர், அரிசிக் கஞ்சியில் மரவள்ளி மாவைக் கலந்து காக்கி உடுப்புகளுக்குப் போடுவார். அவர் கை பட்ட டிரவுசரைக் கழற்றித் தரையில் வைத்தால் அது பாட்டுக்கு நிற்கும். எங்கள் விடுதியில் ஒருவன் இருட்டில் தன் டிரவுசரையே யாரோ ஆள் என்று நினைத்து, "யாரப்பா அது?" என்று கேட்டிருக்கிறான்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் கஞ்சி மேஜர்தான். துப்பாக்கியைத் தொட்டவரில்லை. ஆனால் துணி வாங்கப் போகிறவர்கள் அவர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்; கூன் போட்டு நின்றால் துணி கிடைக்காது. "நிமிந்து நில்லு! நான் ராத்திரி பகலா மடிப்பு வச்சுக் குடுக்கறேன், நீ இறால் மாதிரி வளைஞ்சு நிக்கிற!" என்பார். மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. துணிதான் நிற்கும். "கக்கத்துல கிழிசல் வந்திருக்கு, காலருல எண்ணெய் வந்திருக்கு, உள்ள வாங்க" என்று வாடிக்கையாளர்களைக் கூப்பிடுவார். காலரில் எண்ணெய் என்பது ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொருவர் துணியிலும் கழுத்துப் பட்டைக்கு உள்ளே சேராங்கொட்டை மையால் ஒரு குறி போடுவார்: புள்ளி, கோடு, சிலுவை, வட்டம். நானூறு பேருடைய குறியும் தலைக்குள் இருந்தது. "இருவது வருசத்துல என் கையில ஒரு கைக்குட்ட மாறினது கிடையாது" என்பது அவருடைய ஒரே பெருமை. தினமும் நாலு தடவையாவது சொல்லுவார். காக்கை கேட்டாலும் சொல்லுவார்.

ஒரு தடவை வாலண்டியர் படைக் கேப்டன் துரை, தன் காலுறை ஒன்றைக் காணோம், மேஜர்தான் மாற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டார். மேஜர் போய் அவருடைய பங்களா வாசலில் நின்றார். பேசவில்லை, உட்காரவில்லை. மழை பெய்தது, அப்போதும் நின்றார். இரண்டாம் நாள் மாலை துரையின் நாய் படுக்கிற சாக்கைத் தோட்டக்காரன் உதறியபோது காலுறை விழுந்தது. மேஜர் அதை எடுத்து, குறியைக் காட்டி, "தபே துவான்" என்று மலாயில் வணக்கம் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தார். காலுறையைக் கையோடு கொண்டுவந்து துவைத்துக் கஞ்சியும் போட்டு அனுப்பினார். துரையால் அதைப் போட்டுக்கொள்ளவே முடியவில்லை என்று கேள்வி.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் காமர்ஸ் காலேஜில் இரண்டாம் வருடம். அப்பா தீவுக்கு எதிரே அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கிறவர். "என் மவன் மேசையில ஒக்காந்து எழுதுவான்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு வாலண்டியர் ஆசை பிடித்தது.

வாலண்டியர் என்றால் அரைப் பட்டாளம். பகலெல்லாம் குமாஸ்தா, மாலையில் சிப்பாய். செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்கு அணிவகுப்பு, வருடத்தில் இரண்டு வாரம் கூடாரம். பளபளக்கும் பொத்தான், பூட்ஸ். அதைவிட முக்கியம், மாலையில் நமக்கு உத்தரவு போடுகிற துரைமார்தான் பகலில் பெரிய பெரிய ஆபீஸ்களில் ஆள் எடுக்கிறவர்கள். சேராதவன் முட்டாள் என்று தோன்றும். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நாலு முதல் ஆறு வரை எங்களுக்குச் சுருக்கெழுத்து வகுப்பு. முக்கால் பங்கு வருகை இல்லாதவனுக்குப் பரீட்சை கிடையாது என்று பிரின்சிபால் எழுதியே ஒட்டியிருந்தார். பரீட்சை போனால் மேசை போச்சு. அப்பாவுக்குப் பக்கத்தில் போய்ப் பால் வாளியோடு நிற்க வேண்டியதுதான்.

சேருகிற ஃபாரத்தைப் பென்சிலால் நிரப்பி, அப்பாவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். காலையில் சேருவதாக முடிவு செய்வேன். மாலையில் வேண்டாம் என்று முடிவு செய்வேன். இந்தக் குழப்பத்தில் ஃபாரத்தோடு சட்டையை வெளுக்கப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் துணி வாங்கப் போனபோது, மேஜர் ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தார். தகரம் மாதிரி இருந்தது. பென்சில் எழுத்து மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"என்னா தம்பி, பட்டாளத்துல சேரப் போறியா?"

"அதுதாண்ணே தெரியல. சேரவா வேணாமான்னு மூணு வாரமா மண்டை காயுது."

"வாயால பேசி முடிவு பண்ற விசயமா லா இது? ஒடம்புல போட்டுப் பாரு, ஒடம்பு சொல்லும்." அவர் கொடியிலிருந்து ஒரு காக்கி உடுப்பை எடுத்தார். கையில் இரண்டு பட்டை. சுங்க ஆபீஸில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் கார்ப்பரலுடையது. என் உடல்வாகுதான் அவருக்கும். "நாலு மணிக்கு அவரு வந்துருவாரு. அரை மணி நேரம் போட்டுட்டு இங்கயே நட. அந்தத் தொவைக்கிற கல்லத் தாண்டக் கூடாது. தாண்டினா சுசா, வம்பு வந்துரும்."

போட்டேன். மேஜர் கண்ணாடி ஒன்றைக் காட்டினார். அதில் தெரிந்தவன் நான் இல்லை. ஜெர்மனியை ஒற்றைக் கையால் அடக்கக்கூடிய ஒருவன். உடனே எனக்கு ஒரு யோசனை. இப்படியே ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினால், மறு தபாலில் கையெழுத்து வந்துவிடும். மேஜர் துணி திருப்பிப் போட அந்தப் பக்கம் போனார். ஃபாரத்தை உடுப்பின் பைக்குள் சொருகிக்கொண்டு கல்லைத் தாண்டினேன்.

ரிக்‌ஷா பிடித்தேன். உட்காரத்தான் முடியவில்லை. கஞ்சி மடங்க மறுத்தது. ஏணியை ஏற்றிக்கொண்டு போவது போல என்னைச் சாய்த்து வைத்து இழுத்துக்கொண்டு போனான் ரிக்‌ஷாக்காரன். போட்டோ ஸ்டூடியோ கடற்கரைத் திடலுக்கு அந்தப் பக்கம். அரசர் பிறந்தநாள் அணிவகுப்புக்கு அன்று மாலை அந்தத் திடலில்தான் ஒத்திகை என்பது எனக்குத் தெரியாது.

"யூ! கார்ப்பரல்!"

சார்ஜெண்ட் படையில் வேறொரு கம்பெனிக்காரர், கார்ப்பரலின் முகம் தெரியாதவர். தொப்பி எங்கே என்று கத்தினார். என் காலில் இருந்த கான்வாஸ் ஷூவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அப்புறம் டிரவுசரின் மடிப்பைப் பார்த்தார், அப்படியே மயங்கிவிட்டார். எட்டுப் பேருக்கு முன்னால் கொண்டுபோய் என்னை நிறுத்தினார்.

நடப்பது சுலபமாகத்தான் இருந்தது, நேராகப் போகிறவரைக்கும். இடது பக்கம் திரும்பச் சொன்னபோது நான் வலது பக்கம் திரும்பினேன். கீழ்ப்படிதலில் அந்த எட்டுப் பேரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படியே என் பின்னால் வந்தார்கள். படை மொத்தமும் நகர மண்டபத்தைப் பார்த்துப் போக, நாங்கள் ஒன்பது பேரும் கடலைப் பார்த்துப் போனோம். நிற்கச் சொல்லுகிற உத்தரவு எனக்குத் தெரியாது. கரையோரம் நின்ற ஐஸ் வண்டி குறுக்கே வராவிட்டால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அன்று ஒன்பது பேரை மீனுக்குக் கொடுத்திருக்கும். ஐஸ்காரச் சீனர் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்பது கண்ணாடித் தம்ளரை எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, சாரமும் பனியனுமாக ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். உடுப்பு இன்னும் காயவில்லை என்று மேஜர் சொன்னதை நம்பி, அதைக் கேப்டனிடம் சொல்ல வந்த நிஜக் கார்ப்பரல். காயாத உடுப்பு ஐஸ் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. திடலுக்குப் பின்னால் ஓர் அறையில் என்னை நிறுத்தினார்கள். கேப்டன் துரை வந்தார், அதே காலுறைத் துரை. அரசரின் சீருடையை ஏமாற்றிப் போட்டுக்கொண்டது குற்றம், போலீசுக்குச் சொல்ல வேண்டும், காலேஜுக்கு இன்றே கடிதம் போகும் என்றார். எனக்குப் பரீட்சை ஞாபகம் வரவில்லை. அப்பா தோட்டத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. உடுப்பைக் கொடுத்தது யார் என்று கேட்டபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், மேஜரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் கண்டித்துச் சொன்ன கல்லைத் தாண்டியது நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேஜரைக் கூட்டிவரக் கார்ப்பரல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பறந்தார். ஒரு மணி நேரம் கழித்து, பின் இருக்கையில் மேஜரோடு திரும்பினார். மேஜர் தலையில் ஒரு துணி மூட்டை. என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையை மேசை மேல் அவிழ்த்தார். என் சட்டைகள்.

அவர் பேசியது பாசார் மலாய், கடைத்தெருக் கொச்சை. நான் தமிழில் சொல்கிறேன்.

"தபே துவான். தப்பு என்னோடது. இந்தத் தம்பி வாலண்டியருல சேர ஃபாரம் எழுதினவரு. அவரு துணியோட கார்ப்பரல் உடுப்பும் மாறிப் போயிருச்சு. காணோம்னு சொல்லப் பயந்துதான் காயலன்னு கார்ப்பரலுகிட்டச் சொன்னேன். படையில இருந்து தனக்குத்தான் குடுத்து விட்டிருக்காங்கன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டாரு. பட்டை எதுக்குன்னு இவருக்கு என்னா தெரியும்?"

நான் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தேன். அது மேசை மேல் விறைத்து நின்றது. எனக்குப் படை விஷயம் ஒன்றும் தெரியாது என்பதை நம்புவதற்குக் கேப்டன் துளியும் சிரமப்படவில்லை. ஐஸ் வண்டியை அவரும் பார்த்திருந்தார்.

"எப்படி மாறியது?" என்றார்.

"குறி ஒண்ணாப் போச்சு துவான். கார்ப்பரலுக்கு நாலு புள்ளி. தம்பிக்கும் நாலு புள்ளி." மேஜர் என் சட்டைகளின் கழுத்துப் பட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

என் குறி மூன்று புள்ளி. இரண்டு வருடமாக மூன்று புள்ளி. நாலாவது புள்ளி ஒவ்வொரு சட்டையிலும் ஈரமாக மின்னியது. மேஜரின் கட்டைவிரல் கறுத்திருந்தது.

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது. "அப்படியென்றால் நீயும் துணியை மாற்றுகிறவன்தான்?"

இருபது வருடம் காக்கையிடம்கூடப் பெருமை பேசிய மனிதர், கூன் போட்டு நின்றார்.

"ஆமா துவான். நான் மாத்திட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட திருப்தியில் துரை போலீசை மறந்தார், கடிதத்தை மறந்தார். அப்பாவின் கையெழுத்து வாங்கிக்கொண்டு முறையாக வா என்று என்னை அனுப்பிவிட்டார். அன்றிரவே கிளப்பில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகைதான் வந்தது. "அண்ணே, என்னால உங்க பேரு கெட்டுப் போச்சே."

"பேசாத. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு!" என்றார் மேஜர். "கஞ்சி போட்ட டவுசர போட்டுக்கிட்டு ரிக்‌ஷாவுல படுத்துட்டுப் போனியாம்ல? பின்பக்க மடிப்பு பாழாப் போச்சு. மனுசனா லா நீ?" வேறு எதற்கும் அவர் என்னைத் திட்டவில்லை. விடுதி வாசலில் மட்டும், "ஒடம்பு என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"பரீட்சை முடியட்டும்னு சொல்லுதுண்ணே."

"நல்ல ஒடம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆற்றங்கரையில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. துணி வாங்க வருகிறவர்கள் கட்டைப் பிரித்து, அங்கேயே எண்ணிப் பார்த்து, குறியைச் சரிபார்த்துவிட்டு எடுத்துப் போனார்கள். முன்பு ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. மேஜர் அடுத்தவருடைய கட்டை எடுத்து வைப்பார். கைக்குட்டைப் பேச்சை அவர் வாயில் நான் மறுபடி கேட்கவில்லை.

நான் ஒரு வகுப்பு விடாமல் போய்ப் பரீட்சை எழுதினேன், தேறினேன். கப்பல் ஆபீஸில் மேசை கிடைத்தது. அப்பா ஒரு நாள் அக்கரையிலிருந்து வந்து, அந்த மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். நிஜமான வாலண்டியராக, பட்டை இல்லாத உடுப்பை மேஜரிடம் கொண்டுபோனேன். அவர் கழுத்துப் பட்டையில் நாலு புள்ளி வைத்தார்.

"அண்ணே, எனக்கு மூணுதானே? பழைய சட்டையில இருக்குற நாலாவதையும் அழிச்சுருங்க."

"சேராங்கொட்ட கறை லா தம்பி, போவாது. கார்ப்பரலுக்கு அஞ்சு ஆக்கிட்டேன். கேட்டாரு, பதவி ஒசந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சட்டைகளெல்லாம் எப்போதோ கிழிந்து போயின. ஒன்றின் கழுத்துப் பட்டையை மட்டும் வெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் மூன்று புள்ளி என்னுடையது. நாலாவது புள்ளிதான் நான் படித்த படிப்பு, உட்கார்ந்த மேசை எல்லாம். அது மேஜர் வைத்தது.