அவுரிநாச்சியும் அரைமனுஷி விவகாரமும்

மோகா, மொரீஷியஸ்
பங்குனி மாதம், 1991

மைத்துனர் சபேசன் அவர்களுக்குச் சந்திரமௌலி அநேக நமஸ்காரம். மன்னியிடமும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும், குழந்தைகளுக்கு ஆசிகள். இங்கே முருகன் கிருபையால் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பு க்ஷேமம்தான். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் தங்கை ரமாமணி ஸ்வெட்டர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கோயில் குருக்களின் அகத்துக்காரி! அண்ணா என்ற முறையில் நீங்கள் நாலு வார்த்தை கண்டிப்பாக எழுத வேண்டும்.

எல்லாம் ஒரு பகடை விளையாட்டில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மாடியில் லிஸ் என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், தலைநகர் ஓரத்து ரோஷ் புவாக்காரி, இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாட்டனார் வழியில் தமிழ்தான், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் ‘அயோ’ ஒன்றுதான். இந்த ஊர்ப் பாஷையான கிரியோலும் இங்கிலீஷுமாக அவள் பேசுவதை நான் தமிழில் எழுதுகிறேன். ஜனவரியில் புயல் எச்சரிக்கை வந்த அன்று அவள் அறையின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொள்ள, ரமாமணிதான் இரக்கப்பட்டு, “எங்காத்துக்கு வாங்கோ” என்று கூப்பிட்டாள். லிஸ், அவளுடைய சிநேகிதர்கள் ரெமி, டானியேல், கூடவே ஒரு பை நிறையப் பகடை. சாதாரணப் பகடை இல்லை, இருபது முகமுள்ள பகடை. ஆறு முகத்துக்குத் தினமும் அலங்காரம் பண்ணியே எனக்கு இடுப்பு ஒடிகிறது, இவர்களுக்கு இருபது முகம்! காய் கிடையாது, கட்டம் கிடையாது. லிஸ் கதை சொல்லுவாள். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, குகைக்குள் போகிறேன், பூதத்தை அடிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். நாலாவது ஆள் கடற்கரை ஹோட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று உங்கள் தங்கையை உட்கார்த்திவிட்டார்கள். அது அந்த ஒரு நாளோடு போகவில்லை, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்திலேயே நடக்க ஆரம்பித்தது. நான் ஒதுங்கித்தான் இருந்தேன். ராகு காலத்தில் புதிய பாத்திரத்துக்குப் பகடை போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கதையில் பூசாரி கத்தியையே தொடக்கூடாதாம், தடியால்தான் அடிக்க வேண்டுமாம். அப்படியானால் திருஷ்டிப் பூசணிக்காயை யார் வெட்டுவது என்று கேட்டேன்.

ரமாமணி தன் பாத்திரத்துக்கு அவுரிநாச்சி என்று பெயர் வைத்தாள். சண்டையும் தெரியணும், மந்திரமும் தெரியணும் என்றாள். லிஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அயோ தாந்தின், மனுஷப் பிறவிக்கு ஒரே சமயத்தில் இரண்டு தொழில் கிடையாது. பாதி மனுஷி, பாதி வனதேவதையாக இருந்தால் முடியும். காது மட்டும் கொஞ்சம் கூராக இருக்கும்” என்றாள். தாந்தின் என்றால் அத்தை, சித்தி, எல்லாம்தான். நல்ல யோசனை, காதுதானே என்று நான்கூடச் சொன்னேன். உங்கள் தங்கை கேட்டாளா? “நான் முழு மனுஷிதான். ரெண்டு வேலை தெரிஞ்சதுக்காக நான் ஏன் காதை மாத்திக்கணும்?” என்றாள். குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் வாதம். கடைசியில் மனிதர்களுக்கு என்று இன்னொரு வழி அகப்பட்டது. கற்ற தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இன்னொன்றை முதல் படியிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது முதலாவதைத் தாண்டும்வரை பழையதைத் தொட்டால் அன்று சம்பாதித்த புள்ளியெல்லாம் போச்சு. தாண்டிவிட்டால் இரண்டும் சொந்தம். அவுரிநாச்சி வாளைக் கீழே வைத்தாள், முதல் படியில் நின்று மந்திரம் கற்றாள். எலி கடித்தபோதுகூட வாளைத் தொடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிறு கதையில் அவுரிநாச்சியை விஷப்பாம்பு கடித்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்கள். வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. வெள்ளிக்கிழமை அர்ச்சனையில், கோத்திரம் தெரியாததால் நம் கோத்திரத்தையே போட்டு, அவுரிநாச்சி பெயருக்குச் சங்கல்பம் செய்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வாயில் வந்துவிட்டது. அவள் பிழைத்தாள் என்பது வேறு விஷயம்.

போன ஞாயிறுதான் வினை வந்தது. மந்திரம் வாளைத் தாண்டிவிட்டது என்று லிஸ் அறிவித்தாள். டானியேல் கைதட்டினான், நானும் தட்டினேன். ரமாமணி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஏன்னா, நான் கோயமுத்தூர் மில்லுல சாய லேப்ல இருந்தவ. அதை வெச்சுட்டு உங்க மடைப்பள்ளிக்கு வந்தேன். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல்னு எல்லாப் படியும் ஏறியாச்சு. அவுரிநாச்சி வாளை எடுக்கலாம்னா, நான் எப்போ எடுக்கறது?” என்றாள். லிஸின் சித்தி நதின் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சாய லேபுக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ரெமி மெதுவாகப் பகடைகளைப் பையில் போட்டுக் கட்டினான்.

கோயில் கமிட்டித் தலைவர் ஐயாசாமி ஒரு வார்த்தை கூடாது என்று சொன்னால் போதும் என்று அவரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “குருக்கள், கி சன்லா சா அவுரிநாச்சி? பெரிய டொனேஷன் பார்ட்டியா?” என்றார். யார் அது என்று கேட்கிறார், அன்றைய அர்ச்சனையில் பெயர் காதில் விழுந்திருக்கிறது. முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க வீட்ல மதாம் லிசின். ரெண்டு பொண்ணும் லிசின். உங்க மதாம் ஏன் இன்னும் போகல?” என்றார். லிசின் என்றால் தொழிற்சாலை. காலை ஐந்தரை மணிக்குப் பாதி ஊரே கம்பெனி பஸ்ஸில்தான் இருக்கிறது, இவரிடம் போய்க் கேட்டேனே! ஆகையால் எனக்கு இனி நீங்கள்தான் கதி. குடும்ப கௌரவம், மடி, ஆசாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் காரமாகவே எழுதுங்கள்.

சுப்பிரமணியன் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மன்னியின் முழங்கால் வலிக்கு விபூதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்திரமௌலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எழுதியது நான், ஆனால் வரிக்கு வரி நியாயம் அவள் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே கண்டித்து எதுவும் எழுத வேண்டாம். அவளுடைய பி.எஸ்ஸி. சர்டிபிகேட்டும் மில்லில் கொடுத்த கடிதமும் உங்கள் பீரோவில் இருக்குமாம். உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள், அடுத்த மாதம் இன்டர்வியூ. மடைப்பள்ளியை நான் பார்த்துக்கொள்வதாக அவளிடம் சொல்லிவிட்டேன். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தை அரிசியோடு போடுவதா, வெந்த பிறகு போடுவதா என்று மன்னியைக் கேட்டு எழுதவும். ரமாமணியைக் கேட்கலாம்தான். ஆனால் இப்போதே ரொம்பச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.