தேக்குக் கட்டிலில் ஒரு நீள்மீசைக்காரன்

முவைலா, ஷார்ஜா
ஞாயிறு, பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய மாமா சோலைமுத்து அவர்களின் சமூகத்திற்கு, மருமகன் விஜயபாஸ்கர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகள் சந்தியாவும் பேத்தி ஷ்ருதியும் ஏசியின் தயவில் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்காலும், அத்தை சரசு அவர்களின் சர்க்கரையும், ராஜபாளையம் மரக்கடையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் நிச்சயதார்த்தத்தன்று பந்தலில் வைத்து, "தாள்ல எழுதுனாத்தான் மாப்ளே பேச்சு, மத்ததெல்லாம் காத்து" என்று சொன்னவர் தாங்கள். அதை நான் மறக்கவில்லை. எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கும் நுஃமான், கீழக்கரைக்காரர், துபாய் தேராவில் வாசனைச் சாமான் கடை வைத்திருப்பவர், இன்று மாலை மதுரைக்கு ஃபிளைட் ஏறுகிறார். ஊருக்குப் போகுமுன் ராஜபாளையம் வந்து இதைத் தங்கள் கையிலேயே கொடுப்பதாக வாக்குத் தந்திருக்கிறார். தயவுசெய்து நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

விஷயம் கட்டிலைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது தாங்கள் கப்பல் கார்கோவில் அனுப்பிவைத்தீர்களே, அந்தத் தேக்குக் கட்டில். தேக்கு என்ற சொல்லை நான் இப்போதைக்கு மரியாதைக்காக எழுதுகிறேன். அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஒரு வழக்கும் ஜெயிக்கவில்லை மாமா. சோபா வாங்கினால் "எங்கப்பா தேக்குக் குடுத்தாரு, நீங்க ரெக்சின் வாங்கிட்டு வர்றீங்க" என்பாள். நான் தூங்கி எழத் தாமதமானால் "தேக்குல படுத்தா அப்படித்தான்" என்பாள். கார்கோக்காரர்கள் இறக்கும்போது குறுக்குச் சட்டம் ஒன்று முறிந்துவிட்டது என்பது தங்களுக்குத் தெரியாது. தங்கள் மனம் நோகக் கூடாதென்று சொல்லவில்லை. வேலை பார்க்கும் கட்டுமான சைட்டில் சும்மா கிடந்த ஒரு பெட்டிப் பலகையை நானே அறுத்து, இழைத்து, நாலு ஸ்க்ரூ போட்டு அந்த இடத்தில் பொருத்திவிட்டேன். இன்றுவரை கிறீச்சென்று ஒரு சத்தம் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு பாராட்டும் கிடையாது.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். எனக்கு வேலை துபாயில், வீடு ஷார்ஜாவில். காலையில் போக இரண்டு மணி நேரம், மாலையில் வர இரண்டு மணி நேரம், நடுவில் வேலை பார்க்கக் கொஞ்ச நேரம். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து என் கை தூக்கத்திலும் வளைந்தே இருக்கிறது. துபாயிலேயே, சைட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு சின்ன ஃபிளாட் கிடைத்திருக்கிறது. சந்தியாவுக்கும் பிடித்துவிட்டது. ஷ்ருதிக்கு நீச்சல் குளம் இருக்கிறது. ஒரே ஒரு குறை: அந்தப் படுக்கையறையில் தங்கள் கட்டில் நுழையாது. நான் மூன்று விதமாக வரைபடம் போட்டுப் பார்த்தேன். கட்டில் போனால் கதவு மூடாது, கதவு மூடினால் கட்டில் போகாது. விற்றுவிடலாம் என்றேன். சந்தியா நிதானமாகச் சொன்னாள்: "மாமரக் கட்டிலா இருந்தா நானே கீழ தூக்கிப் போட்டுட்டு வருவேன். இது எங்கப்பா குடுத்த தேக்கு. இதை விட்டுட்டு நான் எங்கயும் வரல." இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளவும். இதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், ஏசி நின்றிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து யாரோ முறுக்கு கடிப்பது போல ஒரு சத்தம். ஷ்ருதி என்று நினைத்து அதட்டினேன். அவள் ஹாலில் இருந்தாள். சற்று நேரத்தில் தலையணை ஓரமாக ஒருவர் ஏறி வந்தார். நல்ல ஆகிருதி. சாம்பல் நிறச் சஃபாரி போட்ட ரிட்டயர்ட் தாசில்தார் மாதிரி, மீசையை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தார். சந்தியா ஒரே தாவில் ஹாலுக்குப் போய்விட்டாள். வாட்ச்மேன் வந்து பார்த்து காக்ரோச் என்றார். பில்டிங் முழுக்க மருந்தடிக்க வேண்டும், எல்லோரும் இரண்டு நாள் வெளியே போக வேண்டும் என்று அப்போதே போனை எடுத்தார். நுஃமானும் எட்டிப் பார்த்துவிட்டு, "கரப்பான்தாண்ணே, நாட்டுக் கரப்பான், இந்த ஊரு சாப்பாட்டுல பெருத்துப்போச்சு" என்றார். நான் ஒருவன்தான் கலங்கவில்லை. காலி காப்பித்தூள் பாட்டிலை எடுத்து அவர் மேல் கவிழ்த்தேன்.

மாமா, நான் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதனை இன்ஸ்பெக்டர். என் கையெழுத்து இல்லாமல் சைட்டுக்குள் ஓர் ஆணி நுழைய முடியாது. கப்பலில் வரும் மரப்பெட்டியைக்கூட விடமாட்டேன்; மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்கிய முத்திரை பெட்டியில் இல்லையென்றால், உள்ளே தங்கமே இருந்தாலும் சிவப்பு மையில் ரிஜெக்டட் என்று ஓங்கிக் குத்தி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவேன். சப்ளையர்கள் என் பெயரைக் கேட்டால் டீயைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் ஒரு வண்டை வாட்ச்மேன் சொன்னதை வைத்து கரப்பான் என்று ஒப்புக்கொள்வேனா? வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். ஷ்ருதியின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம், டூட்டி முடிந்து வந்து, தினம் ஒரு அங்கம் என்று பரிசோதித்தேன்.

முதலில் மீசை, அதாவது உணர்கொம்பு. உடம்பு நாற்பத்தெட்டு மில்லிமீட்டர், மீசை அறுபத்தொன்று. கரப்பானுக்கும்தான் நீள மீசை, ஆனால் அது நூல் மாதிரி, கணுவை எண்ணி முடியாது. இவருடையது மூங்கில் மாதிரி கணுக்கணுவாகப் பதினொன்று; மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் பதினொன்றுதான் வந்தது. அடுத்து கண். மாமா, கண்ணைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். மீசை முளைத்த இடத்துக்கு வழிவிட்டு, கண் அதைச் சுற்றி அவரைக்கொட்டை போல வளைந்திருக்கிறது. பாதத்தில் நாலு கணு என்று மேலோட்டமாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஐந்து இருக்கிறது, நாலாவது மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. என்னிடமா ஒளிவது? இந்த மூன்றும் சேர்ந்தால் நீள்மீசை வண்டுக் குடும்பம் என்று வேளாண்மைப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு "அச்சா காக்ரோச்" என்றார். ஆனாலும் மருந்தடிக்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

குடும்பம் தெரிந்தால் போதுமா, ஆள் யார் என்று தெரிய வேண்டாமா? கழுத்துப் பட்டையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு முள், நம் கோயில் காளையின் கொம்புக் குப்பி மாதிரி. அதே பட்டையின் மேல் இரண்டு செம்மஞ்சள் பொட்டு. மேலிறகு இரண்டும் தோளில் சேரும் இடத்தில் கடுகு தெளித்தாற்போலக் கறுப்புக் குருணைகள். அதற்குக் கீழே இறகு முழுக்கத் திட்டுத்திட்டாகப் புள்ளி. இரண்டு விரலால் இடுப்பைப் பிடித்தால், கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி, துரு ஏறிய கீல் மாதிரி "கிரீக், கிரீக்" என்று கத்துகிறார். வாயால் அல்ல, முன்மார்பை நடுமார்பில் உரசி. இத்தனை அங்க லட்சணமும் பொருந்துகிற ஆள், நான் பார்த்த வரையில் ஒருவர்தான்: மாமரத் தண்டு துளைப்பான். மூன்று கோணத்தில் அளவோடு படம் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். வண்டையே அனுப்பலாம் என்றேன். நுஃமான், பெட்டியில் கத்துகிற சாமானை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று மறுத்துவிட்டார்.

இப்போது தாங்களே யோசிக்கவும். தாங்கள் நாற்பது வருடம் மரம் அறுத்தவர். மாமரத் தண்டு துளைப்பான் எதைத் தின்னும்? மா, அத்தி, பலா என்று புத்தகத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தேன். தேக்கு இல்லை. ஆகவே மாமா, வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், தாங்கள் அனுப்பியது மாமரக் கட்டில். தாங்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் மாற்றி ஏற்றியிருக்கலாம், பாலிஷ் நன்றாக இருந்ததால் தங்கள் கண்ணே ஏமாந்திருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும்.

கட்டிலைப் பிரித்து, ஓட்டை எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று தாங்கள் கேட்கலாம். கேட்பீர்கள், தாங்கள் கெட்டிக்காரர். கட்டிலுக்கு அடியில் ஏழு சூட்கேஸ், அரிசி மூட்டை, ஷ்ருதியின் பழைய சைக்கிள் எல்லாம் இருக்கின்றன. அவ்வளவையும் இழுத்துப்போட அவசியமில்லை. மொபைல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன், கீழே மரத்தூள் கொட்டியிருக்கிறது, அது போதும். உடற்கூறே சாட்சி சொல்லும்போது ஓட்டையிடம் போய் எதற்கு விசாரிப்பது? நான் போட்ட சட்டத்தின் மேல் பழி போடலாம் என்றும் தோன்றலாம். அதற்கு வாய்ப்பில்லை. அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான பெட்டியின் பலகை. ஏற்றுமதித் தரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. "அது மாமரம்தான், விட்டுட்டுப் போம்மா" என்று தங்கள் கையால் தாளில் ஒரு வரி எழுதி, நுஃமான் திரும்பி வரும்போது அவரிடம் கொடுத்தனுப்பவும். தங்கள் கௌரவத்துக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சந்தியாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் வாயால் வந்தால்தான் அவள் தாங்குவாள். தாங்கள் அடுத்த மாதம் விசிட் விசாவில் வரும்போது புது ஃபிளாட்டுக்கே வரலாம். தங்களுக்கு நல்ல இரும்புக் கட்டில் வாங்கிப் போடுகிறேன். இரும்பை எந்த வண்டும் தின்னாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்குத் தைலம் நுஃமானிடம் கொடுத்திருக்கிறேன், இரண்டு வேளையும் தேய்க்கவும். கடையும் குடும்பமும் செழித்து, தாங்கள் நூறு வயது இருந்து எங்களை ஆசீர்வதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்,
விஜயபாஸ்கர்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போடும் நேரத்தில் நுஃமான் வந்து பெல் அடித்தார். நான் கதவைத் திறக்கப் போனேன். திரும்பி வந்தபோது கடிதம் சந்தியா கையில் இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு தடவை படித்தாள். பிறகு, "எங்கப்பா மேல எழுதுறதுக்கு முன்னால கட்டிலைப் பிரிங்க" என்று மட்டும் சொன்னாள். ஃபிளைட்டுக்கு நேரமாகிறது என்ற நுஃமான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சூட்கேஸைக் கீழே வைத்தார். எங்கள் ஏழு சூட்கேஸையும் வெளியே இழுத்தோம், மெத்தையைத் தூக்கினோம், ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம்.

தங்கள் தேக்கில் ஓர் ஊசி முனை ஓட்டை இல்லை மாமா. நான் போட்ட சட்டத்தில்தான், என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு, காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு வட்டம். அதைத் திருப்பியது நுஃமான். அடிப்பக்கத்தில் சிவப்பு மையில் ரிஜெக்டட் என்று இருந்தது. காரணம்: பூச்சி நீக்கிய முத்திரை இல்லை. கீழே தேதி. அதற்கும் கீழே என் கையெழுத்து. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் நான்தான், அதில் ஒரு பலகை வீணாகப் போகிறதே என்று வீட்டுக்குத் தூக்கி வந்ததும் நான்தான். சந்தியா குனிந்து அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் நுஃமான், "கையெழுத்து தெளிவா இருக்குண்ணே" என்றார்.

கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். சந்தியா விடவில்லை. "தாள்ல எழுதுனாத்தான் பேச்சு. அப்படியே போகட்டும்" என்றாள். அதனால் மேலே உள்ளதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்புகிறேன். வெட்கமாக இருக்கிறது மாமா. மன்னித்துவிடுங்கள். வண்டு இருக்கும் பாட்டிலில் "பிறப்பிடம்: சோலைமுத்து மரக்கடை" என்று கடிதம் முடித்த கையோடு நான் ஒட்டியிருந்த சீட்டை அவள் கிழித்துவிட்டு, தன் கையால் "பிறப்பிடம்: விஜயபாஸ்கர்" என்று எழுதி ஒட்டிவிட்டாள். வண்டு சௌக்கியம். நாங்கள் ஷார்ஜாவிலேயே இருக்கிறோம்.

தயவுசெய்து தேக்கில் ஒரு குறுக்குச் சட்டம் அறுத்து வைக்கவும். அடுத்த மாதம் தாங்கள் வரும்போது கொண்டுவந்தால் போதும். அதுவரை நான் தரையில். அளவு பின்பக்கம் இருக்கிறது. தாங்கள் தைரியமாக அறுக்கலாம், அளந்தது சந்தியா.