சேவலுக்கு ஏறிய வெறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ் வேலணையிலேயே நிரம்பிவிடும். நாரந்தனை வந்ததும் மொத்தமாகக் காலியாகிவிடும். எல்லாரும் சேவல் சுவாமியிடம் போகிறவர்கள். சுவாமியின் முழுப்பெயர் தெளிவானந்தர். அதற்கு முந்திய பெயர் குலசிங்கம். தெற்கே ஏதோ ஒரு பட்டினத்தில் கோழிக்கடை வைத்திருந்தவராம். ஞானம் எங்கே கிடைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

வித்தை இதுதான். குடிகாரன் பலகையில் இருப்பான். எதிரே ஒரு சேவல். சுவாமி ஒரு தகரப் பேணியிலிருந்து அதற்கு மந்திர அரிசி போடுவார். பிறகு மந்திரம் ஓதுவார். இருபது நிமிடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முடிகிறபோது சேவல் பக்கவாட்டில் நடக்கும், தன் காலிலேயே தடக்கும், கண்ணை மூடிக்கொண்டு விழும். குடிப்பேய் மனிதனை விட்டுச் சேவலுக்குள் இறங்கிவிட்டது. சனம் கையெடுத்துக் கும்பிடும். யாரை என்கிறீர்கள்? சேவலைத்தான்.

வீட்டுச் சேவல் கொண்டுவரக் கூடாது. வீட்டுச் சேவலுக்கு வீட்டுக்காரர்மேல் பாசமாம். பேயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்துவிடுமாம். ஆகவே சேவலும் சுவாமியிடமே வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் உயிருள்ள சாட்சி தம்பிஐயா அண்ணை. இரண்டு தரம் சுகமானவர். நான் போன அன்று மூன்றாம் தரம் வந்திருந்தார். "முதல் பேய் போயிட்டுது. ரெண்டாவதும் போயிட்டுது. இது வேறை பேய்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் வாயிலிருந்து வந்த மணத்தில் எனக்குக் கண் கலங்கியது.

நான் போனது பக்கத்து வீட்டு லவனுக்காக. அவன் குடியை விட்டு எட்டு மாதம். வெள்ளிக்கிழமைகளில் வேலணையில் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போவான். மற்ற நாட்களில் பின்னேரம் பிள்ளையார் கோயில். எனக்குச் சாமியிலும் நம்பிக்கை இல்லை, பூதத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனால் அதுதான் முன்பு அவன் கள்ளுத் தவறணைக்குக் குடிக்கப் போகிற நேரம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கனடாவில் இருக்கிற அவன் தமக்கை கேதீஸ்வரி, அவனைக் கேட்காமலே சேவலுக்குப் பதிந்துவிட்டாள். முந்திய கிழமை நாள் கேட்கப் போனவனிடம் சுவாமி சொன்னாராம்: "ஒருக்கா சேவலிலை இறக்கினால் முடிஞ்சுது. பிறகு கூட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வேணுமெண்டால் ஒரு கிளாஸ் எடுத்துப் பாரும். ஒண்டும் செய்யாது."

அந்த ஒரு கிளாஸ் ஒரு கிழமையாக லவனின் தலைக்குள் இருந்தது. மனைவி பிரியவதனியிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறான். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவனிடம் சொல்லுகிற பேச்சா அது?

லவனின் முறை வந்தது. கேதீஸ்வரி போனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியவதனி ஓர் உரப்பையோடு எழும்பினாள். "சாமி, முதலிலை இந்த அண்ணைக்குச் செய்து காட்டுங்கோ," என்று என்னைக் காட்டினாள்.

நான் தபாற்கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து இளைப்பாறியவன். சோடாவே எனக்கு நெஞ்சை எரிக்கும். பலகையில் இருந்தேன். அரிசி, மந்திரம், இருபது நிமிடம். சேவல் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது.

"இவர் குடிக்கிறேல்லையே, சாமி."

"போன பிறப்பிலை குடிச்சிருக்கிறார், பிள்ளை. பெருங்குடி."

சனம் தலையாட்டியது. சுவாமிமேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. என்மேல் வந்தது. என் மனைவி றஞ்சனி இன்றுவரை என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறாள்.

பிரியவதனி பையை அவிழ்த்தாள். உள்ளே அவர்கள் வீட்டுச் சிவப்புச் சேவல்.

"வீட்டுச் சேவல் ஆகாது, பிள்ளை. பாசம்."

"இது இவரை நாளைக்கு ரெண்டு தரம் கொத்திறது. ஒரு பாசமும் இல்லை."

லவன் காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். சனம் குனிந்து பார்த்து, பாசம் இல்லைத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. பலகையில் தம்பிஐயா அண்ணையை இருத்தினார்கள். அவருக்குள் பேய் இருப்பதை மூக்குள்ள எவரும் மறுக்க முடியாது.

சேவலைப் பிரியவதனி மடியிலிருந்து விடவில்லை. "அரிசி வேண்டாம், அது இப்பதான் திண்டது. மந்திரத்தைச் சொல்லுங்கோ."

இருபது நிமிடம். சேவல் கூவியது. நாற்பது நிமிடம். சுவாமியின் தொண்டை கட்டிக்கொண்டது. சேவல் மறுபடி கூவியது. தம்பிஐயா அண்ணை பலகையிலேயே நித்திரையாகிவிட்டார்.

சுவாமி தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தார். பிரியவதனி சேவலை நிலத்தில் விட்டாள். அது நேரே பேணிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டது. பிடிக்கப் போன சுவாமி கையில் ஒரு கொத்து வாங்கினார். அடுத்த இருபது நிமிடம் யாரும் ஒரு மந்திரமும் சொல்லவில்லை. சேவல் பக்கவாட்டில் நடந்து வந்து சுவாமியின் மடியிலேயே விழுந்தது.

சத்தத்தில் எழும்பிய தம்பிஐயா அண்ணை பேணியை எடுத்து முகர்ந்தார். இந்த விஷயத்தில் தீவிலேயே அவருக்கு மேல் ஆள் கிடையாது. "சாராயம்," என்றார். "அரிசியை நல்லா ஊறப்போட்டிருக்கிறார்." பிறகு அவர் குரல் உடைந்தது. "மூண்டு தரம் வந்தனான். சேவலுக்குக் குடுத்தவர், எனக்கு ஒரு வாசம்கூடக் காட்டேல்லை."

"என்ன நடக்குது? எனக்குச் சேவல் மட்டும்தான் தெரியுது," என்றாள் கனடாவிலிருந்து கேதீஸ்வரி. சுவாமி அதற்குள் பின்வேலியால் பாய்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது லவன் சேவலைக் கக்கத்தில் வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல்தரமாக அது அவனைக் கொத்தவில்லை. "பாவம், நாளைக்குத் தலையிடிக்கும்," என்றான்.

நான் சந்தர்ப்பத்தை விடுகிற ஆள் இல்லை. "அப்ப இனிப் பிள்ளையாரும் வேண்டாம்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. பிள்ளையார் ஒருநாளும் என்னட்டை, முடிஞ்சுது, இனி வர வேண்டாம் எண்டு சொன்னதில்லை. கூட்டத்திலையும் சொல்லுறேல்லை. இண்டைக்குக் குடியாமல் இரு, நாளைக்கும் வா. அவ்வளவுதான். எனக்கு அதுதான் வேணும்."

அன்று பின்னேரமும் அவன் கோயிலுக்குப் போனான். வெள்ளிக்கிழமை வேலணைக்கும் போனான்.

இப்போது நெடுந்தீவில் ஒருவர் குடிப்பேயைக் குதிரையில் ஏற்றுகிறாராம். படகுக்கு நிற்கிற வரிசையில் நாரந்தனையில் பார்த்த அதே முகங்கள் நிற்கின்றன. போங்கள், உங்கள் கால், உங்கள் படகு. ஆளுக்கு ஒரு மூக்கும் அதற்கு மேலே கொஞ்சம் மூளையும் இருக்கின்றன அல்லவா? முதலில் அந்தக் குதிரையின் வாயை முகர்ந்து பாருங்கள். பிறகு கும்பிடலாம்.