சிங்கமீன் அசனம்

டூவிபுரம், தூத்துக்குடி.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் பெவினுக்கு,

மாமா அருமைநாயகம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை ஞானதீபமும் சுகமாக இருக்கிறோம். அந்தக் கரீபியன் தீவில் நீங்களும் எங்கள் மகள் ஜெப்ஸியும் சுகமாயிருக்கக் குடும்ப ஜெபத்தில் தவறாமல் நினைக்கிறோம். அத்தை இடித்த மசாலாப் பொடியோடு என் நன்றியையும் பார்சலில் வைத்து அனுப்புகிறேன்.

போன மாதம் நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. யாரோ கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய்க் கடலில் விட்ட சிங்கமீன் அங்கே பெருகி, பவளப்பாறையில் பாசி மேய்கிற குட்டி மீன்களையெல்லாம் விழுங்குகிறது, பாசி மூடிப் பாறை சாகிறது, பிடித்துத் தின்று தீர்ப்பதுதான் வழி, ஆனால் விஷமுள்ளுக்குப் பயந்து தீவில் ஒருவரும் வாயில் வைப்பதில்லை, இப்படியே போனால் பாறையைக் காக்க நீங்கள் வேலை பார்க்கிற திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்றீர்கள். அதோடு விட்டீர்களா, அந்த மீனுக்குப் பூர்வீகம் நம் பக்கத்துக் கடல்தான் என்றும் சொன்னீர்கள். சொந்தக்காரன் வெளிநாடு போய் விருந்து வீட்டையே காலி பண்ணிவிட்டான் என்று கேட்டதுபோல் கூனிக் குறுகிப் போனேன். இங்கே நம் தீவுகளைச் சுற்றி அது இருக்கிற இடம் தெரியாமல்தான் இருக்கிறது.

சரி, நாமே சமைத்துப் பார்த்துப் பக்குவம் சொல்லுவோம் என்று மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். வலையில் தவறி வந்த ஒன்றைப் படகுக்காரர் பவுல் கழித்துப் போட வைத்திருந்தார். “அண்ணாச்சி, இத என்ன செய்யப் போறிய? முள்ளு விஷம்லா, வெட்டித் தாரேன் இரிங்க” என்றார். முழுசாக உங்களுக்கு வீடியோவில் காட்ட வேண்டும் என்று நான்தான் வெட்ட விடவில்லை. வீட்டுக்கு வந்து உங்களை அழைத்து, பாருங்கள் மாப்பிள்ளை என்று அதன் முதுகைப் பிடித்துத் தூக்கியதும் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். தோள்வரை தீப்பிடித்தது போல இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விஜிலா டீச்சர் ஜெபிக்கவே வந்துவிட்டார். “பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல கைய முக்குங்க மாமா, பெறவு ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று நீங்கள் கத்த, வெந்நீருக்கு எங்கே போவது, அத்தை அப்போதுதான் வடித்த கஞ்சியில் தண்ணீர் விளாவி என் கையை அமுக்கினாள். நான் துள்ளத் துள்ள, “மாப்பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும், சும்ம இரிங்க” என்று விடவேயில்லை. செய்தது சரி என்று டாக்டரும் சொன்னார். இந்தக் கடிதம் எழுதுகிற கை உங்கள் தயவு, மாப்பிள்ளை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், “எங்க வீட்டுக்காரரக் குத்துன மீனச் சும்ம விடுவனா” என்று அத்தை முள்ளை வெட்டிக் குழம்பு வைத்துவிட்டாள். “களவா மீனு மாதிரில்லா இருக்கு” என்று மறுசோறும் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. விற்றால்தானே வாங்க மாட்டார்கள், ஆலயத்தில் சபையார் எல்லாருக்கும் பந்தி வைக்கிற அசனமாகப் போட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? பந்தியில் உட்கார்ந்து அசனச் சோற்றைத் தள்ளிவைத்தவரை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. ஆட்டுக்கறிக்குப் பதில் மீன் என்றால் நம் சபைக் கமிட்டி இரண்டாக உடையும், அது வேறு விஷயம். நான் வீடியோவில் பேசி உங்கள் தீவுப் பாஸ்டர் சம்மதித்ததும், “புளி காணாது, இன்னுங் கரைக்கச் சொல்லுங்க” என்று அத்தை வீடியோவில் நின்று விரட்டியதும், பாஸ்டரே முதல் தட்டைத் தின்று காட்டியதும், அண்டா காலியானதும், இப்போது ஹோட்டல்காரர்கள் உங்களைத் தேடி வருவதும் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் அழுதேவிட்டோம். உங்கள் வேலையும் தப்பியது, பாறையும் தப்பியது. வீட்டோடு கிடந்த எங்களையும் ஒரு காரியத்துக்கு ஆளாக்கினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஜெப்ஸியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். பாஸ்டருக்கும் சபையாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்களையும் நீங்கள் இறங்குகிற கடலையும் காப்பாராக.

அன்பு மாமா,
அருமைநாயகம்

பி.கு.: பார்சலை ஒட்டும்போது ஜெப்ஸி போன் செய்தாள். நம் ஊரில் அசனத்துக்கு ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாக நேர்ந்து, ஒருவரும் கைவைக்காமல் வருஷம் முழுக்க வளர்ப்போம் என்று பாஸ்டரிடம் நான் பெருமையடித்தது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். வீட்டுக்கொரு சிங்கமீன் குஞ்சை நேர்ந்துகொண்டு, அடுத்த அசனம்வரை பாறைப் பக்கம் யாரும் மீன் குத்துகிற ஈட்டியோடு போகக் கூடாது, குறிப்பாக நீங்கள் போகக் கூடாது என்று சபையில் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். நான் வேண்டுமானால் பாஸ்டரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். “நீங்க பேசுனது போதும்” என்று அத்தை போனை வாங்கி வைத்துவிட்டாள்.