அப்படின்னா அண்ணனின் முதுகெலும்பு

கம்பம் பள்ளத்தாக்கில் பதில் சொல்லியே ஒருவர் களைத்துப் போயிருந்தால், அதற்கு ஒரே ஆள்தான் காரணமாக இருக்க முடியும். ஜீப் ஓட்டும் ‘அப்படின்னா’ அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவது அவர் தொழில். மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கும் எனக்குத் தினமும் அவர் ஜீப்பில் முன் சீட்டு. “மழை வரும்போல இருக்குண்ணே” என்றால், “அப்படின்னா?” என்பார். நனைவோம் என்றால் அதற்கும் ஓர் அப்படின்னா. ஒருமுறை செக்போஸ்ட்டில் கேரளப் போலீஸ்காரர் “எவிடேக்கா?” என்று, எங்கே போகிறோம் எனக் கேட்டதற்கும் அதையே சொன்னார். அந்த மனிதர் இரண்டு மொழியிலும் விளக்கிப் பார்த்துவிட்டு, தானே தடுப்புக் கம்பைத் தூக்கி வழிவிட்டார்.

அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. மதுரையில் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். கீமோ கொடுத்தார்கள். முதுகெலும்பின் அடியிலும் நோய் இறங்கியிருந்ததால் அங்கே மட்டும் ரேடியேஷன். இடையில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோக, அதை ஏற்றுவதற்கு ஊசி போட்டார்கள். கீமோவும் ரேடியேஷனும் முடிந்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம்.

அண்ணனை மட்டும் உள்ளே அழைத்த ஸ்கேன் எடுக்கும் பெண், “சமீபத்துல அணு ஏத்துற ஊசி ஏதாச்சும் போட்டாங்களா?” என்று கேட்டாள்.

“அப்படின்னா?”

அவள் விளக்கினாள். இவர் மறுபடி கேட்டார். வெளியே வரிசை நீண்டிருந்தது. “சரி, விடுங்க, படுங்க” என்று சொல்லிவிட்டாள்.

படத்தில் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை பாதி வெள்ளை, பாதி கருப்பு. நோய் திரும்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றது ரிப்போர்ட். அண்ணனின் மனைவி பாண்டியம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் பொறுமைசாலி. “ரேடியேஷன் பட்ட எடத்துல மஜ்ஜை ஓஞ்சு கொழுப்பாயிருச்சு. அதான் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி வெள்ளையா நிக்குது. அது எதிர்பார்த்ததுதான். மேல கருப்பா இருக்குறதுதான் குழப்பம்.”

“அப்படின்னா கருப்பு கெட்டதா, டாக்டரு?”

“நோய் இருந்தாலும் கருப்பாத் தெரியும். மஜ்ஜை மும்முரமா ரத்தம் ஊற வச்சாலும் கருப்பாத் தெரியும்.”

“அப்படின்னா வெள்ளை நல்லதா?”

“நல்லதுன்னும் இல்ல. கெட்டதுன்னும் இல்ல.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் திடீரென்று, “கடைசி ஊசி எப்பப் போட்டீங்க?” என்று கேட்டார். போன வாரம் என்றார் அக்கா. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அந்த ஊசியே மஜ்ஜையை விரட்டி வேலை வாங்குறதுக்குத்தான். இதை ஸ்கேன் எடுத்தவங்க கிட்ட சொல்லலையா? ஊசிய நிறுத்திட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுத்துப் பாப்போம். அப்பவும் கருப்பு மாறலைன்னா எலும்புக்குள்ளேருந்து மஜ்ஜையக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும்.”

அந்த இடைவெளியில் ஜீப் ஸ்டாண்டே ரேடியாலஜி துறை ஆனது. படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். தலைகீழாகப் பிடித்திருந்த ஒருவர்தான் மிகவும் நம்பிக்கையாகப் பேசினார். பாண்டியம்மா அக்கா மட்டும், “உள்ளுக்குள்ள பாதியாச்சும் வெள்ளையா இருக்காக. கல்யாணத்தப்பத் தெரியாமப் போச்சு” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த அக்கா ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். அண்ணன் அந்த நாட்களில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது படத்தில் கருப்பு வெளிறியிருந்தது. நோய் இல்லை, ஊசி செய்த வேலைதான் என்றார் டாக்டர். அண்ணன் வாயைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

உடம்பு தேறி அவர் ஜீப் எடுத்த முதல் காலையில், விசாரித்தவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்தினார். “ஒண்ணுமில்லப்பா. கருப்பு நல்ல கருப்பாம். வெள்ளை சும்மா வெள்ளையாம்” என்று அத்தனை பேரையும் குழப்பினார். மேலே பள்ளியில் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். போகலாம்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.