ரிஜெக்ட் அண்ணனும் நாலு ராணி அறைகளும்

திருப்பூர் வட்டாரத்தில் ரிஜெக்ட் அண்ணனின் கண்ணுக்குத் தப்பிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். ஒரு தையல் விட்டிருந்தால் போதும், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி "ரிஜெக்ட்!" என்பார். அதோடு நின்றாரா மனுஷன்? மெஸ் இட்லியில் ஒட்டினார். நான் ஆசையாக எடுத்த புதுச் சட்டையில் ஒட்டினார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ஒட்டியவர் என்று கேள்வி.

அவருடைய பொழுதுபோக்கு, கம்பெனி மொட்டை மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள். ஞாயிறுதோறும் தேனடைச் சட்டங்களை உருவி, கம்பெனியில் பனியன் பீஸ் பார்ப்பதுபோலவே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கூட்டம் பெருத்தால் தேனீக்கள் புது ராணிக்கு அறை கட்டும். அதைக் கிள்ளாமல் விட்டால், பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். எனக்கு இதைச் சொன்னவரே அவர்தான்.

போன மாதம் ஷிப்மெண்ட் அன்றைக்கே ராணி கூட்டத்தோடு கிளம்பிவிட்டது. வாசலில் லாரி நிற்கிறது. ஏற்ற வேண்டிய அட்டைப்பெட்டிகளின் மேல் பலாப்பழம் கணக்காகத் தேனீக் கொத்து. பேக்கிங் ஆட்கள் ரோட்டில் நின்றார்கள்.

முதலாளி கையைப் பிசைந்தார். "அண்ணா, மருந்தடிக்கற ஆளுக்குப் போன் போட்டுட்டனுங்க. அவன் வர்றதுக்குள்ள எடுத்துப்போடுங்க. இல்லீன்னா அடிக்கறதத் தவிர வழியில்லீங்க."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மருந்தடித்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

"கண்ணு, இந்தக் காலிப் பெட்டியப் புடி."

"நானுங்களா?"

"பின்ன, மொதலாளியா புடிப்பாரு?"

பனியன் துணியில் அவரே தைத்த கவச உடையை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க்காரருக்குத்தான் இப்படி யோசனை வரும். அவர் குனிந்தபோதெல்லாம் துணி இழுபட்டுப் பின்னல் கண்ணி விரிந்தது, கொடுக்கு உள்ளே போனது. "ஸ்ஸ்... பாஸ்!" என்றார் ஒவ்வொரு கொட்டுக்கும். ரிஜெக்ட்டைத் தவிர வேறு சொல்லாத அவர் வாயிலிருந்து நாங்கள் அந்த வார்த்தையைக் கேட்டதே அன்றுதான்.

கைகளால் அள்ளி அள்ளிப் பெட்டியில் விட்டார். விட்டதெல்லாம் திரும்ப எழும்பிச் சுற்றியது. ராணி உள்ளே வந்தால்தான் மற்றவை தங்கும். ராணியைக் காணோம். அதற்குள் முதுகில் மருந்து டேங்க்கோடு அந்த ஆள் மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார்.

"ஒரே நிமிசமுங்க!" என்று அண்ணன் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு, அசையாத. ராணி உன்ற காலர்ல இருக்குது."

ஐயோ முருகா! கொத்து அட்டைப்பெட்டியை விட்டுக் கலைந்து, ஒன்றொன்றாக என் கழுத்துக்கு வர ஆரம்பித்தது. மருந்துக்காரர் குழாயை என் பக்கம் திருப்பினார்.

"அடிச்சராதீங்க சாமி!" அண்ணன் எனக்கும் குழாய்க்கும் நடுவில் வந்து நின்றார். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் ராணியை மெல்ல எடுத்துப் பெட்டிக்குள் விட்டார். என் கழுத்திலிருந்தவையும் பின்னாலேயே இறங்கிப் போயின. எனக்கு மூச்சு வந்தது. லாரியும் கிளம்பியது.

வீங்கின முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கோபமாகவே கேட்டேன். "ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழம பாக்கலீங்களா?"

"பாத்தேன் கண்ணு. நாலு ராணி அறை. ஸ்டிக்கர்கூட ஒட்டிட்டேன்." டம்ளரையே பார்த்தார். "கிள்றதுக்குத்தான் கை வரல. உள்ள உசுரு இருக்குதல்லோ."

இந்த மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் பையிலிருந்து ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்து, ராணி உட்கார்ந்திருந்த இடத்தில், என் காலரில் ஒட்டினார்.

"பாஸ்," என்றார்.

வீட்டில் எவ்வளவோ திட்டுகிறார்கள். அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.